நகை மூழ்காமல் அடகு வைப்பது எப்படி: செட்டிநாட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கம் ஒருவர் இன்னொருவரிடம் "திருப்பியாச்சா?" என்று கேட்டால், எதை என்று யாரும் கேட்பதில்லை. நகையைத்தான். வைப்பது, திருப்புவது, மாற்றி வைப்பது, திருப்ப முடியாமல் ஏலத்தில் மூழ்குவது என்று நான்கு சொற்கள்தான் அடகுக் கடையைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். இதில் முதல் வேலையை எல்லோரும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறோம். மீதி மூன்றும் வருடக் கணக்கில் இழுக்கும்.

வட்டிக்குக் கொடுத்தே பேர் வாங்கிய சீமை இது, இங்கே அடகு வைக்க வழிகாட்டி எதற்கு என்று தோன்றலாம். கொடுத்த வீடுகளுக்கும் வைக்க வேண்டிய காலம் வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்குதான். நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போக, 1938-ல் அது கால் பங்கானது. 1942-ல் ஜப்பான் படை உள்ளே வந்தபோது நிலத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டா வர முடியும்? ஊரில் பெட்டகத்துக்குள் இருந்த தங்கமும் வெள்ளியும் பித்தளையும்தான் அதற்குப் பிறகு பல வீடுகளைத் தாங்கின. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே கிடக்கும் அண்டாக்களின் விளிம்பை உற்றுப் பாருங்கள், யாரோ ஒரு வீட்டின் இனிஷியல் வெட்டியிருக்கும்.

நான் வங்கி ஆள் இல்லை. இருபது வருடமாக வைத்தும் திருப்பியும், ஒரு முறை மூழ்க விட்டும் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு துண்டுத்தாள்

பெட்டகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். எவ்வளவு வேண்டும். எதற்கு வேண்டும். எந்த மாதம், எந்தப் பணத்தில் திருப்புவோம். முதல் இரண்டும் கடகடவென்று வந்துவிடும். மூன்றாவது வரியில் பேனா நின்றால் நீங்களும் நில்லுங்கள். "எப்படியாவது திருப்பிக்கலாம்" என்பது பதில் ஆகாது. "ஆவணியில் சீட்டு எடுக்கிறேன்", "தம்பி சிங்கப்பூரிலிருந்து மாதம் பதினைந்தாயிரம் அனுப்புவான்", "தை மாதம் நெல் போடுவோம்" என்று இருந்தால் அது பதில்.

மூன்றாவது வரி காலியாகவே இருந்தால், என் யோசனை பலருக்குக் கசக்கும்: வைக்காதீர்கள், விற்றுவிடுங்கள். அறுந்த சங்கிலி, ஜோடி தொலைந்த தோடு, பிள்ளைக்குச் சிறிதாகிவிட்ட மோதிரம் இப்படி எல்லா வீட்டிலும் கொஞ்சம் கிடக்கும். அதை விற்றால் நெஞ்சு ஒரு நாள் வலிக்கும். வைத்துவிட்டு மூன்று வருடம் வட்டி கட்டி, கடைசியில் அதையும் இழந்தால் வலி அந்த மூன்று வருடமும் இருக்கும்.

வங்கியில் வைப்புத்தொகை இருந்தால் நகையைத் தொடவே வேண்டாம். அதன் மேல் கடன் கேட்டால், அது ஈட்டும் வட்டியை விடப் பொதுவாக ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூட இருக்கும். எல்.ஐ.சி. பாலிசி நடப்பில் இருந்தால் சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரை அதன் மேலேயே கடன் வாங்கலாம். இதெல்லாம் தெரிந்தும் நாம் நேராக நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், பழக்கம்.

எதைக் கொண்டுபோவது

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். கடைக்காரர் ஏமாற்றுவதை விட நம் நகையைப் பற்றி நமக்கே தெரியாமல் ஏமாறுவது அதிகம்.

என் முதல் அனுபவம் ஆத்தாவின் கல் அட்டிகை. வீட்டில் எல்லோரும் அதை ஐந்து பவுன் அட்டிகை என்றே சொல்லி வளர்ந்தோம். வங்கியில் மதிப்பீடு செய்ய உட்கார்ந்திருந்த பத்தர் தராசில் வைத்தார். மொத்த எடை 38.400 கிராம். அப்புறம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் நகத்தால் சுரண்டினார். "ஆச்சி, கல்லுக்குக் காசு கிடையாது. உள்ளே அரக்கு வேற இருக்கு" என்று சொல்லி, கல்லுக்கும் அரக்குக்கும் சேர்த்து 9.200 கழித்துவிட்டு நிகர எடை 29.200 என்று எழுதினார். ஐந்து பவுன் என்றால் 40 கிராம். எங்கள் ஐந்து பவுன் அன்றைக்கு மூன்றே முக்கால் பவுன்கூட இல்லை. அவர் மேல் தப்பில்லை. தங்கத்துக்கு மட்டும்தான் கடன். கெம்பு, வைரம், முத்து எதற்கும் கணக்கு இல்லை. ப்ளூ ஜாகர் என்ற உயர்ந்த ரக வைரத்தில் தோடு வைத்திருக்கும் ஆச்சிமார் கோபித்துக்கொள்ளக் கூடாது, அடகுக் கடையில் அந்தத் தோடு அதன் தங்கத்தின் எடை மட்டும்தான்.

அதனால் கொண்டுபோவதற்கு ஏற்றவை கெட்டியான, கல் இல்லாத நகைகள்: வளையல், கயிற்றுச் சங்கிலி, மோதிரம். ஹால்மார்க் இருந்தால் இன்னும் நல்லது. 2023 ஏப்ரல் முதல் கடைகளில் விற்கும் தங்க நகையில் ஆறு இலக்க எழுத்தும் எண்ணும் கலந்த ஹெச்.யூ.ஐ.டி. எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் சுத்தம் தெரிந்துவிடும். பழைய நகையில் இது இருக்காது, உரைகல்தான் பேசும். ஆயா (பாட்டி) காலத்து நகை சில நேரம் 916-க்கு, அதாவது 22 காரட்டுக்கு, குறைவாக வரும். பற்றவைத்த இடங்கள் நிறைய இருந்தால் இன்னும் குறையும்.

கல்யாணத்தில் தாலியாகக் கட்டும் கழுத்திருவை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இது சென்டிமென்ட் என்று நினைக்க வேண்டாம், நடைமுறைக் காரணமே போதும். முப்பதுக்கு மேல் உருப்படிகள் கயிற்றில் கோத்திருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றி, எண்ணி, எடை போட்டு, எழுதி, திருப்பும்போது மறுபடியும் எண்ணிச் சரிபார்ப்பது என்றால் அவர்களுக்கும் பொறுமை இருக்காது, நமக்கும் இருக்காது. ஒரு சின்ன உருப்படி குறைந்தாலும் அறுபதாம் கல்யாணத்தில் கோக்கும்போதுதான் தெரியும்.

தங்கக் கட்டி, பிஸ்கட் இருந்தால் வங்கியில் அதன் மேல் கடன் தரமாட்டார்கள். நகையும் நாணயமும்தான் செல்லும். நாணயம் ஒருவருக்கு மொத்தம் 50 கிராம் வரை, நகை ஒரு கிலோ வரை.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது. நகை யாருடையது? பெண்ணுக்குச் சீராக வந்த நகை அவளுடைய சொந்தச் சொத்து. ஸ்ரீதனத்துக்குக் கணவன் கூட்டுச் சொந்தக்காரன் ஆகமாட்டான் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. அவளைக் கேட்காமல் எடுத்து வைப்பது குடும்பத் தகராறோடு நிற்காது, வழக்கு வரை போகும். முடிந்தவரை அவள் பேரிலேயே வையுங்கள். பில் இல்லாத பழைய நகைக்கு எப்படி வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்வார்கள், அது சரிதான். கல்யாணத்தின்போது சீரைப் பட்டியலாக எழுதிய முறைச்சிட்டை வீட்டில் இருந்தால் அதையும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வங்கி கேட்காது, ஆனால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு வந்தால் உதவும்.

எங்கே வைப்பது

நாலு இடம் உண்டு. கூட்டுறவுச் சங்கமும் கூட்டுறவு வங்கியும் ஒன்று. மற்ற வங்கிகள் இரண்டு. நகைக்கடன் நிறுவனங்கள் மூன்று. தெருமுனை அடகுக் கடை நான்கு.

வங்கியும் நமக்கு அந்நியம் இல்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவு திறந்தது. ஆனாலும் அவசரத்துக்கு நம் கால் அடகுக் கடைக்குத்தான் போகிறது, ஏனென்றால் அங்கே ஐந்து நிமிடத்தில் பணம், ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, நம் அப்பச்சியை (அப்பாவை) அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு நேரம் இருந்தால் வங்கி அல்லது கூட்டுறவு. பட்டா, சிட்டா இருந்தால் விவசாய நகைக்கடன் என்று கேளுங்கள், வட்டி இன்னும் குறையும். கூட்டுறவில் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. 2021-ல் ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடனை அரசு தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகு "அடுத்த தேர்தலுக்கும் தள்ளுபடி வரும்" என்று வட்டி கட்டாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். அன்றைக்கே நிபந்தனைகளால் கழிந்துபோனவர்கள் ஏராளம். அந்தக் கணக்கில் வைக்காதீர்கள்.

வங்கியில் ஒரு மறைவான பள்ளம் இருக்கிறது, யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அதே வங்கியில் உங்களுக்கு வேறு கடன் நிலுவையில் இருந்தால், இந்த நகைக்கடனை முழுக்கக் கட்டிய பிறகும் நகையைப் பிடித்து வைக்கப் பார்ப்பார்கள். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு வங்கிகளுக்கு அப்படி ஒரு பொதுப் பற்றுரிமையைத் தருகிறது. பிள்ளையின் கல்விக்கடன் தவணை நிற்கிறதா, மச்சானுக்கு ஜாமீன் போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் வேறு வங்கிக்குப் போங்கள்.

நகைக்கடன் நிறுவனத்தில் வேகம் உண்டு, கிராமுக்குக் கூடவும் தருவார்கள். போர்டில் போட்டிருக்கும் குறைந்த வட்டி மாதாமாதம் தவறாமல் கட்டினால் மட்டும்தான் என்று பல திட்டங்களில் இருக்கும். ஒரு மாதம் தவறினால் படி ஏறும். ரொக்கமாக இருபதாயிரம் வரைதான் தருவார்கள், மீதி வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கையில் பணம் வேண்டும் என்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் பாஸ்புக்கோடு போங்கள்.

அடகுக் கடைக்கு 1943-ஆம் வருட அடகுபிடிப்போர் சட்டம் இருக்கிறது. வட்டாட்சியர் கொடுத்த உரிமம் இருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும், கண்ணால் பாருங்கள். உரிமம் இல்லாத இடத்தில், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சீட்டில் "வெ. செயின் 1" என்று பென்சிலில் எழுதிக் கொடுத்தால் நகையை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புது நெறிமுறை போட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதற்கு மாறியாக வேண்டும் என்றது. வீட்டுச் செலவுக்கு வாங்கும் கடன் 2.5 லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80 சதவீதம், 5 லட்சத்துக்கு மேல் 75 சதவீதம். இது மேல்வரம்பு, இதைவிடக் குறைத்துத் தருவது அவர்கள் இஷ்டம்.

நகை மதிப்பு என்பது நகைக்கடைப் போர்டில் இன்று எழுதியிருக்கும் விலை இல்லை. முந்தின நாள் முடிவு விலை ஒன்று, கடந்த 30 நாள் சராசரி ஒன்று, இரண்டில் எது குறைவோ அது. விலை விறுவிறுவென்று ஏறும் மாதத்தில் "என்னங்க இவ்வளவு கம்மியா போடுறீங்க" என்று கவுன்டரில் சண்டை நடப்பது இதனால்தான். செய்கூலி, சேதாரம் எல்லாம் வாங்கிய அன்றே போய்விட்டது.

கணக்குக்குச் சுலபமாக 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கல் இல்லாத ஐந்து பவுன் வளையல், 40 கிராம், மதிப்பு 4 லட்சம். 80 சதவீதம் என்றால் 3,20,000. மாதாமாதம் வட்டி கட்டும் திட்டமானால் இதுவரை தரலாம். வருடக் கடைசியில் அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டுகிறேன் என்றால், கடைசியில் கட்டப்போகும் மொத்தத் தொகையே இந்த 3,20,000-க்குள் அடங்க வேண்டும். வருடத்துக்கு 10 சதவீத வட்டி என்றால் கைக்கு வருவது சுமார் 2,90,900 தான். இப்படி மொத்தமாகக் கட்டும் கடனுக்கு அதிகபட்சம் 12 மாதம்.

இன்னொன்று: கிடைக்கிறதே என்று முழுதாக வாங்காதீர்கள். ஒரு லட்சம்தான் தேவை என்றால் ஒரு லட்சத்துக்கு மட்டும், அதற்குப் போதுமான நகையை மட்டும் வையுங்கள். நான்கு வளையலையும் ஒரே சீட்டில் போடாமல் இரண்டிரண்டாகத் தனிச் சீட்டு கேளுங்கள். கையில் பாதிப் பணம் சேர்ந்ததும் ஒரு ஜோடியையாவது திருப்பலாம். ஒரே சீட்டில் போட்டால் முழுப் பணமும் சேரும் வரை நாலும் உள்ளேதான்.

வட்டிக் கணக்கு

"ஒரு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது வருடத்துக்கு 12 சதவீதம். "ஒன்றரை வட்டி" 18, "ரெண்டு வட்டி" 24. வங்கி வருடக் கணக்கில் பேசும், கடைக்காரர் மாதக் கணக்கில் பேசுவார். "அங்கே ஒன்பது கேக்கிறான், இங்கே ரெண்டுதான்" என்று ஒரு அம்மா சந்தோஷமாகச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். ஒன்பது என்பது வருடத்துக்கு, இரண்டு என்பது மாதத்துக்கு. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு தருவீர்களா? ரெண்டு வட்டிக்கு 50,000 என்றால் கையில் 49,000 தான் வரும். ஒரு மாதமும் ஒரு நாளும் ஆனால் இரண்டு மாத வட்டியா? வட்டி கட்டாவிட்டால் அசலோடு சேருமா? மூன்றாவது கேள்விதான் நகையை மூழ்கடிப்பது. ஒரு லட்சத்தை ஒன்றரை வட்டிக்கு வைத்து, ஒன்றும் கட்டாமல், வருடா வருடம் வட்டியை அசலில் ஏற்றி மாற்றி வைத்தால் முதல் வருடம் 1,18,000, இரண்டாம் வருடம் 1,39,240, மூன்றாம் வருடம் 1,64,303. நகை அதே நகைதான், பெட்டிக்குள் தூங்குகிறது. கடன் மட்டும் வளர்ந்திருக்கிறது.

நாள் வட்டி, மீட்டர் வட்டி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, அதில் இவையெல்லாம் குற்றம். வங்கியில் வட்டி போக மதிப்பீட்டுக் கூலி, பரிசீலனைக் கட்டணம் இருக்கும், அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வைக்கும் நாள்

ஆதார், பான், பாஸ்புக், இரண்டு போட்டோ. முதல் நாள் ராத்திரியே நகையை வீட்டில் வெள்ளைத் துணியில் பரப்பி, முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். கொக்கி, பற்றவைத்த இடம், நசுங்கல் எல்லாம் தெரியட்டும். தெரிந்த நகைக்கடையில் எடை போட்டுப் பார்த்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. முகப்பு, பூட்டுக்கயிறு, கருகமணி போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை வீட்டு லட்சுமியை வெளியே அனுப்பக் கூடாது என்பது எங்கள் ஆயா கட்சி. எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டது, காரணம் பகுத்தறிவு என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு வங்கியில் கூட்டம் குறைவு.

காலையிலேயே போங்கள். பல கிளைகளில் மதிப்பீட்டாளர் முழு நாளும் இருக்கமாட்டார். உரசுவதும் எடை போடுவதும் உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும், அது உங்கள் உரிமை. "உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துட்டு வர்றோம்" என்றால் "நானும் வர்றேன்" என்று எழுந்து நில்லுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மின்விசிறிக்குக் கீழே இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம் சான்று. மொத்த எடை, கழிவு, நிகர எடை, காரட், மதிப்பு, நகையில் இருக்கும் குறை, நகையின் படம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் உங்களுக்குத் தெரிந்த மொழியில் வேண்டும் என்று கேட்கலாம். தமிழ்ப் படிவம் வைத்திருப்பார்கள், கேட்டால்தான் எடுப்பார்கள். அதில் நான் விரல் வைத்துத் தேடிப் படிக்கும் இடங்கள்: கெடு தேதி, தவறினால் கூடும் வட்டி, ஏலத்துக்கு எத்தனை நாள் முன்னால் தகவல் வரும், அந்தத் தகவல் எந்த முகவரிக்கு வரும்.

பையில் போட்டு முத்திரை வைக்கும் வரை உட்கார்ந்திருங்கள். சீட்டை வீட்டுக்கு வந்து போட்டோ எடுத்து, கெடு தேதியை நாட்காட்டியில் ஒரு மாதம் முன்னாலேயே வருகிற மாதிரி குறியுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லுங்கள். எங்கள் தெருவில் ஒரு ஐயா இறந்து எட்டு மாதம் கழித்துத்தான் அவர் டைரிக்குள் அடகுச் சீட்டு இருந்தது பிள்ளைகளுக்குத் தெரிந்தது. வாரிசு கட்டித் திருப்பலாம்தான், ஆனால் வாரிசுச் சான்றிதழ் வாங்குவதற்குள் கெடு ஓடிவிடும்.

இடைப்பட்ட மாதங்கள்

மாதம் ஐந்நூறு கட்டினாலும் கட்டுங்கள். கட்டிய ரசீதை அதே சீட்டோடு பின் போட்டு வையுங்கள்.

"மாற்றி வைப்பது" என்பது கெடு முடிந்ததும் பழைய கடனை அடைத்த மாதிரி எழுதி அதே நகைக்குப் புதுக் கடன் போடுவது. கவுன்டரில் சிரித்த முகத்தோடு செய்து தருவார்கள். இப்போதைய விதிப்படி மொத்தமாகக் கட்டும் கடனை வட்டி பாக்கியைக் கட்டிய பிறகுதான் புதுப்பிக்க முடியும். எரிச்சலாக இருந்தாலும் அது நம் நல்லதுக்குத்தான்.

என் வளையல் ஒன்று மூழ்கியது இப்படித்தான். ஒரு நிதி நிறுவனம், பேர் வேண்டாம். மூன்று முறை மாற்றி வைத்தேன். மூன்றாவது முறை விலை ஏறியிருந்ததால் "கூட எட்டாயிரம் தர்றோம் ஆச்சி" என்றார்கள், வாங்கிக்கொண்டேன். அந்த எட்டாயிரம் எதற்குச் செலவானது என்று இன்றைக்குக் கேட்டால் எனக்கே தெரியாது. ஏல அறிவிப்பு பழைய வாடகை வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது. வீடு மாறினால், போன் எண் மாறினால் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

திருப்பும்போது

முழுப் பணமும் கட்டினால் அன்றைக்கே நகையைத் தர வேண்டும். போனால் போகட்டும் என்று ஏழு வேலை நாள் வரை அவகாசம். அதற்கு மேல் அவர்கள் பக்கத் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது புது விதி. பணத்தைக் கட்டுவதற்கு முந்தின நாள் போன் செய்து, "நாளைக்குத் திருப்பறேன், நகை கிளையில்தானே இருக்கு?" என்று கேட்டுவிடுங்கள்.

முத்திரையைப் பிரிப்பது உங்கள் முன்னால். சான்றையும் நீங்கள் எடுத்த போட்டோவையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு உருப்படியாகப் பாருங்கள். மறுபடி எடை போடச் சொல்லுங்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து அதற்குப் பிறகுதான். வெளியே வந்து பார்த்தால் கொக்கி இல்லை என்ற கதை நிறைய உண்டு, கையெழுத்துப் போட்ட பிறகு அது கதைதான். அவர்கள் கையில் இருக்கும்போது நகை சேதமானால் சரிசெய்யும் செலவு அவர்களுடையது.

சீட்டு தொலைந்தால் நகை தொலைந்ததாக அர்த்தம் இல்லை. உடனே எழுத்தில் தெரிவித்து, அந்தச் சீட்டைக் கொண்டு வேறு யாருக்கும் தரக் கூடாது என்று நகலில் முத்திரை வாங்குங்கள்.

ஏலம் வரை போனால்

கெடு முடிந்த மறுநாளே நகை அவர்களுடையதாகிவிடாது. அடகுக் கடைச் சட்டத்தில் ஒரு வருடமும் அதற்கு மேல் ஏழு நாள் சலுகையும் உண்டு, பிறகு பொது ஏலம். வங்கியும் நிறுவனமும் முறையாகத் தகவல் தந்து, பத்திரிகையில் விளம்பரம் செய்து, ஏலம் விட வேண்டும். தொடக்க விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு ஏலம் போணியாகாவிட்டால் 85. கடனும் செலவும் போக மிச்சம் இருந்தால் ஏலப் பணம் முழுதும் வந்த ஏழு வேலை நாளில் உங்களுக்குத் தர வேண்டும்.

இந்த மிச்சத்தை நம்மில் பலர் கேட்பதே இல்லை. வெட்கம், "மூழ்கிப் போச்சு" என்று கையை உதறிவிடுகிறோம். தங்கம் ஏறிய வருடங்களில் அந்த மிச்சம் சின்னத் தொகை இல்லை. எனக்குக் கடிதம் எழுதிக் கேட்ட பிறகுதான் வந்தது, கணக்குச் சீட்டோடு.

ஏல அறிவிப்பு கைக்கு வந்துவிட்டால் இரண்டு வழி. கடன் வாங்கியாவது வட்டியை மட்டும் கட்டி நிறுத்துவது ஒன்று. இல்லையென்றால் ஏலத்துக்கு முன்னால் நீங்களே விற்பது. தெரிந்த நகைக்கடைக்காரரை அழைத்துப்போய், அவர் கடனை அடைத்து, நகையை எடுத்து, மீதியை உங்களுக்குத் தரும் ஏற்பாடு காரைக்குடியில் நடப்பதுதான். விலையை மட்டும் இரண்டு கடையில் கேளுங்கள்.

தங்கம் இல்லாதவை

வெள்ளிக்கும் இப்போது வங்கிக் கடன் விதி இருக்கிறது, ஒருவருக்குப் பத்து கிலோ நகை வரை. குத்துவிளக்கு, கும்பா, தட்டு என்று வைக்க நினைத்தால் முதலில் கேட்டுவிடுங்கள், நகையும் நாணயமும் தவிர மற்றதை எல்லா இடத்திலும் வாங்க மாட்டார்கள்.

வண்டியை அடமானம் வைத்தால் வண்டி உங்களிடமே ஓடும், ஆர்.சி.-யில் கடன்காரர் பேர் ஏறும். கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்று வாங்கி அந்தப் பேரை நீக்காவிட்டால், பத்து வருடம் கழித்து விற்கும்போது தலைவலி. ஆர்.சி.-யையும் சாவியையும் மட்டும் வாங்கிக்கொண்டு பணம் தரும் தெருக்கடன் வேண்டவே வேண்டாம்.

பித்தளை, வெண்கலப் பாத்திரத்துக்கு இன்றைக்கு அடகு மதிப்பு எடைக்குத்தான். பழைய மரவை (மரத்தில் கடைந்த பாத்திரம்), பர்மா அரக்குச் சாமான், எனாமல் கேரியர் இதையெல்லாம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவசரத்தில் இருக்கும் முகத்தைப் பார்த்தால் பழம்பொருள் வியாபாரி முதலில் சொல்வது மூன்றில் ஒரு பங்காக இருக்கும். இரண்டு பேரிடம் காட்டுங்கள், ஒரு வாரம் தள்ளுங்கள்.

தகராறு என்று வந்தால் முதலில் கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. எப்படிப் புகார் செய்வது என்று 14448 எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். அடகுக் கடை என்றால் வட்டாட்சியர் அலுவலகம். அங்கே போகும்போது அசல் சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் மட்டும்.